கடலில்லா நாட்டின் ஆட்சேபம்

காலை எட்டு மணி பத்து. தொலைபேசியில் வந்த ஆவணத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஐந்தாம் பந்தி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "துறைமுகத்துக்குக் கிழக்கே உள்ள குடியிருப்பற்ற நிலம் பொதுக் களஞ்சிய வலயமாகப் பயன்படுத்தப்படும்." நிமிர்ந்து பார்த்தேன். அந்த நிலத்தில் நின்று அம்மா பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் சர்வதேச உறவுகள் மூன்றாம் ஆண்டு மாணவன். விடுமுறைக்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கப்பல்துறைக்கு வந்திருந்தேன். அந்த ஆண்டுப் பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு எங்கள் விரிவுரையாளர் ஒரு கற்பனைத் துறைமுகத்தைத் தந்திருந்தார். நாடுகளும் கற்பனை. கரையோரக் கோடு மட்டும் கற்பனையல்ல. திருகோணமலைக் குடாவை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, ஊர்ப் பெயர்களை அழித்திருந்தார். குடாவுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் அதில் கிழக்கே போயிருந்தது. சிறு வயதிலிருந்து பஸ் யன்னலால் பார்த்த வளைவுகள் எப்படித் திருப்பினாலும் தெரியும். அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை. "இப்படியொரு இயற்கைத் துறைமுகத்துக்கு நான் வேறெங்கே போக?" என்றார்.

வரைபடத்தில் கப்பல்கள் நிற்கும் இடமெல்லாம் ஆழம் குறிக்கப்பட்டிருந்தது. எண்ணெய்த் தாங்கிகளுக்கு வட்டங்கள், விமான ஓடுபாதைக்கு ஒரு கோடு. எங்கள் வீட்டு வாசலால் போகும் கண்டி வீதியும் பெயரில்லாமல் இருந்தது. அதன் இரு புறமும் வெள்ளைத் தாள்.

ஐந்து மாணவர்கள், ஐந்து நாடுகள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மலைகள் சூழ்ந்த, கடலே இல்லாத ஒரு சிறு நாடு கிடைத்தது. துறைமுகம் இருக்கிற நாடு, கிண்ணியாவைச் சேர்ந்த என் அறைத்தோழனுக்கு. முதலாம் ஆண்டிலிருந்து ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருகிறவர்கள் நாங்கள். உடன்பாடு எட்டினால் அதற்கான புள்ளி ஐவருக்கும் உண்டு. எட்டாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. அவனுக்கு அந்தப் புள்ளி கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசிலைக் குறிவைத்திருந்தான். பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்குக் குறைந்தவர்களின் விண்ணப்பத்தை அவர்கள் பார்ப்பதேயில்லை. அவனது சராசரி அந்த விளிம்பில் நின்றது.

இராஜதந்திரத்தில் மௌன நடைமுறை என்று ஒன்று உண்டு. இறுதி வரைவை எல்லோருக்கும் அனுப்பி ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்குள் எவரும் ஆட்சேபிக்காவிட்டால் அனைவரும் சம்மதித்ததாகப் பொருள். எங்கள் வரைவுக்குக் குறித்த நேரம் பத்து மணி.

முந்தைய வரைவில் "நிலம்" என்று மட்டுமே இருந்தது. அதன் முன்னால் "குடியிருப்பற்ற" என்ற சொல்லைச் சேர்த்தது யார் என்று குழுவில் கேட்டு எழுதினேன். பதிலுக்கு அறைத்தோழன் அழைப்பெடுத்தான்.

"நான்தான் போட்டன். முதலீடு செய்யிற நாடு கேட்டுச்சு. அந்தச் சொல்லப் போட்டா இழப்பீட்டுப் பந்தி தேவல்ல மச்சான்."

"அங்க ஆக்கள் இருக்கினம்."

"எங்க? வரைபடத்தில காட்டு பாப்பம்."

"கீறாமல் விட்டா இல்லாமப் போயிருமோ? அது கப்பல்துறையடா. நீ எங்கட வீட்டில சாப்பிட்டனி."

"சாப்பிட்டன். நல்ல நண்டுக்கறி. அது வேற கதை." சிரித்தான். "மச்சான், நாடு என்ட. காணி என்ட. எனக்கே பிரச்சினை இல்ல. கடலக் கண்ணால காணாத நாட்டுக்காரன், உனக்கு என்னத்துக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. விதிப்படி அவன் சொன்னது சரி. ஆட்சேபிக்கிறவர் தன் நாட்டின் நலனைக் காட்டித்தான் ஆட்சேபிக்க வேண்டும்.

"கிண்ணியாவில ஆக்கள் இல்லையெண்டு எழுதியிருந்தா?"

"எழுதல்லத்தானே." அவன் குரல் இறங்கியது. "பத்து மணி வரைக்கும் வாய மூடிட்டு இரி. ஒண்டும் செய்யச் சொல்லல்ல. சும்மா இரி, அவ்வளவுதான் கேக்கிறன்."

வைத்துவிட்டான். அம்மா மிளகாய்க் கையோடு வந்து, யாரோடு சண்டை என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன்.

"ஆக்கள் இல்லையாமோ? அப்ப கரண்ட் பில் ஆருக்கு வருது?"

"இது படிப்புக்கு அம்மா. உண்மையில்லை."

"ஓம் ஓம். உன்ர படிப்புக்கு எங்களைத்தான் காணியால எழுப்ப வேணுமோ?" என்றுவிட்டு வெயிலுக்குத் திரும்பினார்.

மூன்று ஆண்டுகளாக வாசித்த ஒப்பந்தங்களில் அந்தச் சொல்லைப் பல தடவை கண்டிருக்கிறேன். பாலைவனங்களுக்கும் தீவுகளுக்கும் அதைப் போட்டிருந்தார்கள். அதை எழுத எவரையும் வெளியேற்றத் தேவையில்லை. மேசையில் இருக்கிற எல்லோரும் பேசாமல் இருந்தால் போதும். நான் பேசாமல் இருக்கப் போவதில்லை என்பது ஒன்பது மணிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்ததெல்லாம் கடலில்லா நாட்டுக்கு இதில் என்ன நலன் என்பதைத்தான்.

விடை வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து கோதுமை மா மூட்டை ஏற்றிய லொறிகள் கண்டி வீதியால் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதே முக்காலுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்: "எமது கோதுமை இத்துறைமுகத்தில் இறங்கி இவ்வீதியால் வருகிறது. இந்நிலத்தில் மக்கள் வாழ்கிறார்கள். இல்லையென்று எழுதினால் அவர்கள் வீதிக்கு வருவார்கள். எமது கோதுமை நிற்கும். ஐந்தாம் பந்தியை எமது அரசு ஏற்காது."

பிற்பகல் ஐவரும் திரையில் கூடினோம். விரிவுரையாளர் தலைமை. கோதுமை வாதம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டு, "பெரும்பாலும் குடியிருப்பற்ற" என்று மாற்றலாமா என்று கேட்டார். மூன்று பேர் உடனே கையுயர்த்தினார்கள். என் நண்பனும் உயர்த்தினான்.

"பெரும்பாலும் என்றால், மிச்சப் பேர் யார்?" என்று கேட்டேன்.

சொல்லை எடுத்தால் முதலீட்டு நாடு விலகும் என்றார் அதன் பிரதிநிதி, கொழும்பைச் சேர்ந்த மாணவி. விலகட்டும் என்றேன். நண்பன் முகத்தைக் காட்டாமல் கமராவை அணைத்துவிட்டான். நான்கு மணிக்குக் கூட்டம் உடன்பாடில்லாமல் முடிந்தது.

"உண்மையான மேசையில் இப்படி நின்றால் உங்கள் அரசு உங்களைத் திருப்பி அழைத்துவிடும்," என்றார் விரிவுரையாளர்.

"அழைக்கட்டும் சேர்."

நான் அடம்பிடித்தேன் என்றுதான் வகுப்பில் இன்றும் கதை. அடம்தான். பேசாமல் இருந்தால் போதும் என்று இன்றைக்கு எவர் கேட்டாலும் அதே வரிகளை அனுப்புவேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை.

இறுதிப் பெறுபேறு வந்தபோது எனக்கும் மற்ற மூவருக்கும் இரண்டாம் வகுப்பு மேல்நிலை. அவனுக்குக் கீழ்நிலை.