காண்ட்ராக்ட் கேசட், பர்மனென்ட் டிஸ்க்

எங்கள் டவுன்ஷிப்பில் மனிதர்கள் இரண்டே வகை. பர்மனென்ட், காண்ட்ராக்ட். பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பையன் சிவப்பா கறுப்பா என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். அப்பா பர்மனென்ட். சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்தவர். நான் பதினான்கு வருடமாக ஓர் அலுவலகத்தில் காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா இந்த இரண்டு சொற்களையும் ஆட்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு வந்திருக்காது. அவர் சாமான்களையும் அப்படித்தான் பிரிப்பார். எவர்சில்வர் பர்மனென்ட். பிளாஸ்டிக் காண்ட்ராக்ட். கிரைண்டர் பர்மனென்ட். மிக்ஸி காண்ட்ராக்ட்.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்த மாமா, லீவில் வந்தவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். டிவியோடு அதை இணைக்க வேண்டும். டிஸ்க்கை உள்ளே தள்ளினால் படம் வரும், பேசும், கேள்வி கேட்கும். ரிமோட்டில் இருக்கும் குமிழை உருட்டிப் பதில் சொல்லலாம். இனிமேல் உலகமே இதுதான் என்றார் மாமா. வாங்க ஆளில்லாமல் கடையில் கிடந்தது என்று பின்னாளில்தான் ஒப்புக்கொண்டார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அன்று நிற்க இடமில்லை. பிளாக்கே வந்துவிட்டது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இதுல சினிமா ஓடுமா சார்?"

ஓடாது. சினிமா ஓட இன்னொரு கருவியை வாங்கி உள்ளே செருக வேண்டும். அது எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தவை மிருகங்களைப் பற்றி ஒரு டிஸ்க், வெளிநாட்டு ஓவியங்கள் ஒரு டிஸ்க், கோல்ஃப் விளையாட்டு ஒன்று. எதிர்வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப எதுக்குங்க சார் இவ்ளோ பெரிய பெட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார். சில வருடங்களில் அவர் வீட்டில் ஒரு சாதாரண விசிடி பிளேயர் வந்து தினமும் சினிமா ஓடியது. நாங்கள் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டி அதன் காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று இப்போது இணையத்தில் புகழ்கிறார்கள். புகழட்டும்.

மாமா இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஃபோட்டோ நெகட்டிவும் பேசிப் பதிந்த கேசட்டும் கொடுத்தால், அங்கே ஒரு லேபில் இரண்டையும் சேர்த்து இந்தப் பெட்டிக்கென்றே ஒரு டிஸ்க் போட்டுத் தருவார்கள். படம் தெரியும்போதே குரலும் வரும். அப்பாவுக்கு இது பிடித்துவிட்டது. ஆல்பத்திலிருந்து நாற்பது படங்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் அம்மாதான் பேச வேண்டும் என்றார். ஃபேன் சத்தம் விழக் கூடாதென்று அதை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்தோம். அம்மா ஆரம்பிக்கும் முன் அப்பாவைப் பார்த்து, "பேசட்டுங்களா?" என்றார். அப்பா, "ம், பேசு" என்றார். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்துவிட்டு அம்மா வெகுநேரம் சும்மா இருப்பார். நான் அவசரப்பட்டு வாயைத் திறந்தால் அப்பா கையைக் காட்டித் தடுப்பார். "இரு. யோசிக்கிறா."

மூன்று மாதம் கழித்து டிஸ்க் வந்தது. லேபில் யாருக்கும் தமிழ் தெரியாதே, கேசட்டில் இருந்ததையெல்லாம் அப்படியே ஏற்றிவிட்டார்கள். முதல் படம் வந்ததும், "பேசட்டுங்களா?", "ம், பேசு" என்று கேட்டது. நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

நெகட்டிவையும் கேசட்டையும் திருப்பி அனுப்பவா என்று மாமா கேட்டார். அப்பா எஸ்டிடி பூத்தில் நின்றபடி சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "வேணாம்ப்பா. கேசட்டு காண்ட்ராக்ட்டு. மாட்டிக்கினு அறுந்து பூடும். டிஸ்க்குதான் பர்மனென்ட்டு. கேசட்டத் தூக்கிப் போட்டுடு." நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நினைவு நாளிலும் படையல் போட்டு முடித்ததும் அப்பா அந்த டிஸ்க்கைப் போடுவார். நாற்பது படமும் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. ஒரு வருடம் பெட்டியில் விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடலூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். இப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததே இல்லை என்றார்கள். டிஸ்க்கை வேறு எந்த பிளேயரும் ஏற்கவில்லை. என் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதில் ஒன்றுமே இல்லை என்றது. மாமா டிஸ்க் போட்ட லேப் எப்போதோ மூடியாகிவிட்டது. அப்பா ரிட்டயர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்குக் குடிபோனோம். அந்த வீட்டுப் பரணில் பெட்டி ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது.

போன வருடம் காது டாக்டர் சொல்லிவிட்டார். வயசுதான் காரணம், வலது காது போய்விட்டது, இடதும் சில மாதம்தான். வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவ கொரலு ஞாபகம் வர மாட்டேங்குது. மொகம் வருது. வாய் அசைஞ்சிகினே இருக்குது. சத்தம் வரல. காது இருக்கச்சொல்லவே ஒரு தபா கேட்டுடணும்."

நானும் நினைவுபடுத்திப் பார்த்தேன். அம்மா சொன்ன வார்த்தைகள் வந்தன, எல்லாம் என் குரலில். பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் கோபம் வந்து, "நீங்கதானப்பா கேசட்டத் தூக்கிப் போடச் சொன்னீங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை என்று நான் நம்பிக்கொள்கிறேன்.

பிறகு இணையத்தில் துழாவினேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிப், அந்தச் சிப்புக்குள்ளேயே ஒரு பேட்டரி, மாற்ற முடியாதபடி மூடி வைத்திருக்கிறார்கள். அது தீர்ந்தால் பெட்டி எழுந்திருக்காது. பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவர், கடலூரில், சிப்பின் தலையைச் சுரண்டி ஒரு பட்டன் பேட்டரியைச் சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசி குத்தியதுபோல் அங்கங்கே வெளிச்சம் ஒழுகியது.

"பூச்சு உரிஞ்சி போச்சிங்க. பொட்டியில லென்சும் முடியாத நெலமதான். ஒரு தடவ ஓடுனா பெரிய விஷயங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோம். காது மெஷின் விசிலடிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா டிவி ஸ்பீக்கரில் இடது காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தத்தை முழுதாக வைத்தேன். பெட்டிக்குள் டிஸ்க் உரசிக்கொண்டு சுற்றியது. முதல் படம் வந்தது. அப்பா பர்மனென்ட் ஆன மாதம், முதல் குவார்ட்டர்ஸ் வாசலில் அம்மா சாவியோடு நிற்கிற படம். இடுப்புக்குக் கீழே எல்லாம் சாம்பல் கட்டம் கட்டமாக இருந்தது.

"பேசட்டுங்களா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். மெல்லிய குரல், கடைசியில் கொஞ்சம் இழுவை. ஆமாம், இப்படித்தான் பேசுவார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து அப்பாவின் பதில் வர வேண்டும். வரவில்லை. அந்த இடைவெளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவே சொன்னார்.

"ம், பேசு."

பெட்டிக்குள் இரண்டு முறை டக் டக் என்றது. பிறகு அதுவும் நின்றது. மேலே கை வைத்துப் பார்த்தேன். சுற்றவில்லை. படம் மட்டும் அப்படியே உறைந்து நின்றது. அப்பா காதை எடுக்கவில்லை. அவர் தோளைத் தொட்டு, "அப்பா" என்றேன்.

அவர் திரும்பாமலே கையைக் காட்டித் தடுத்தார்.

"இரு. யோசிக்கிறா."