ஐந்நூறு வயதுக் கிரேக்கப் புத்தகமும் அதைக் கேட்டு வந்தவர்களும்

பழைய புத்தகம் விற்கிற தொழிலில் தூசு தட்டுவது சுலபம். வாங்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் வேலை. கடையில் நின்று உழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஜெர்மனியின் பான் நகரில் நான் வேலை பார்த்த கடைக்கு ஒருமுறை பண்டைக் கிரேக்கரின் போர் வரலாறு ஒன்று வந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன் வெனிஸில் அச்சான பெரிய புத்தகம். தாள் இன்னும் வெள்ளை. எழுத்துகள் கையால் எழுதியதுபோல ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு ஓடும்.

சோபாவுக்குப் பொருத்தம்

முதலில் வந்தவர் வீடு அலங்கரிக்கும் அம்மணி. புத்தகத்தைத் திறக்கவேயில்லை. கைத்தொலைபேசியில் இருந்த சோபாப் படத்தை அதன் தோல் அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே அச்சு எவ்வளவு அழகு என்று நான் சொல்லத் தொடங்க, கை காட்டி நிறுத்தினார்.

"இதே மண்ணிறத்தில இன்னும் ஆறு கிடைக்குமோ?"

உரித்துக்காரர்

பக்கத்துத் தெருவில் உணவகம் நடத்தும் கிரேக்கரை நானே கூப்பிட்டேன். தன் முன்னோரின் கதை என்றதும் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தார். முதல் பக்கத்தில் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. அந்தக் காலத்து அச்சுக்காரர்கள் இரண்டு மூன்று எழுத்தைப் பின்னி ஒன்றாக்கிவிடுவார்கள் என்று விளக்கினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள், இது கிரேக்கமே இல்லை."

கத்தரிக்கோல்

அடுத்து வந்தவருக்குப் புத்தகம் உண்மையிலேயே பிடித்துவிட்டது. அலங்கார எழுத்துள்ள பக்கங்களை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு விற்பாராம், மிச்சத்தை எறிந்துவிடலாமாம். கடையோ மாதக்கணக்காக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. முதலாளி தலையாட்டி, என்னிடம் புத்தகத்தைத் தாளில் சுற்றிக் கொடுக்கச் சொன்னார்.

எனக்குக் கை வரவில்லை. "வெட்டுறதுக்கெண்டால் நான் சுற்றித் தரமாட்டன்" என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வந்தவர் கதவைத் திறந்தபடி திரும்பினார்.

"ஆரும் வாசிக்காத புத்தகத்துக்கு இரண்டு காவல்காரரோ!"

தரிசனம்

கடைசியில் ஒரு நூலகம் வாங்கியது. எசன் நகரிலிருந்து அக்கா வந்தபோது, பார்க்க முன்கூட்டியே டெர்மின் என்கிற நேரப் பதிவு எடுத்து, பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தகம் நிலவறைப் பெட்டகத்தில் இருக்கிறதாம், வெளியே எடுக்க ஏலாதாம். நூலகர் அதன் பக்கங்களின் படம் தெரிந்த கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அக்கா மரியாதையாகப் பார்த்து முடித்து, வெளியே வந்து சொன்னாள்:

"மூலஸ்தானத்தைப் பூட்டிப்போட்டு வாசலில படத்தைக் காட்டி அனுப்புறாங்கள்."

எல்லாரும் வாசிக்கட்டும் என்று ஒருவர் பார்த்துப் பார்த்து அச்சடித்ததை, எவரும் தொட முடியாத இடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிட்டதுதான் என் தொழிலில் நான் செய்த பெரிய சாதனை.