நீர்க்காக்காவின் சாவி

என் வீட்டுக்காரருக்கு மின் நிலையத்துல வச்ச பேரு நீர்க்காக்கா. மெஷினுக்குத் தண்ணி போற வாய்ல ஒரு கம்பித் தடுப்பு இருக்கு. ஆத்துல வர்ற சேறும் ஆகாயத்தாமரையும் அதை அடைச்சுக்கும். முங்கி அதைப் பிடுங்கிப் போடறதுதான் அவர் பொழப்பு. சாப்பிட உட்கார்ந்தாலும் நினைப்பு அங்கதான். "வலப்பக்கம் இன்னும் அடைப்பு இருக்கு"ம்பார். நான் வீட்டுக் குழாயைச் சொல்றார்னு நினைச்சு, போய் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துட்டு வருவேன்.

அவர் உள்ள இருக்கும்போது மெஷின் ஓடினா, தண்ணி ஆளை இழுத்துக் கம்பியோட அழுத்திடும். உயிர் மிஞ்சாது. அதனால மெஷினைப் பூட்டி, சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் இறங்குவார். அந்த ஒரே சாவி இல்லாம யாராலயும் ஓட்ட முடியாது.

போன மழையில அடைப்பு ஒரு நாள்ல தீரல. பூட்டினது பூட்டினபடி இருக்க, சாவியோட வீட்டுக்கு வந்து படுத்தார். காலையில வேற சட்டையைப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். துவைக்க எடுத்த பழைய சட்டைப் பையில சாவி கிடக்கு.

போன் அடிச்சா எடுக்கல. கழுத்துல சாவி இல்லாமலா இறங்கியிருப்பார், கூறுகெட்ட மனுஷன்? சோப்புக் கையோட ஆட்டோ பிடிச்சேன். கரண்ட் இல்லாம கடையெல்லாம் இருண்டு கிடந்துச்சு. ஆட்டோக்காரர் வழி முழுக்க மின் நிலையத்தைத்தான் திட்டிக்கிட்டே வந்தார்.

வாசல்லயே புது இன்ஜினியர் நின்னார். சாவியைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

"நல்ல வேளை கொண்டு வந்தீங்கம்மா. குடுங்க."

"அவர் எங்க சார்?"

"தண்ணியிலதான் இருக்கார். முடியப் போகுது. மேலிடத்துலேருந்து போன் மேல போன். குடுத்துட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. இது என் வீட்ல கிடந்த வரைக்கும் அவருக்கு ஒரு ஆபத்தும் இல்ல. மடச்சி, நானே தூக்கிட்டு வந்திருக்கேன்.

"அவர் ஏறட்டும் சார். அவர் கையிலதான் குடுப்பேன்."

இன்ஜினியர் நீட்டின கையை மடக்கவே இல்ல. நானும் விரலைப் பிரிக்கல.

காதெல்லாம் சேறா அவர் ஏறி வந்தார். என் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போச்சு.

"இதை ஏன் இங்க கொண்டு வந்தே? உன்கிட்ட இருக்குங்கிற தைரியத்துலதான இறங்கினேன்."

அன்னியிலேருந்து அவர் முங்குற நாள்ல சாவி வீட்ல, என் கழுத்துல. ஏறிட்டேன்னு அவர் போன்ல சொன்ன பிறகுதான் எடுத்துட்டுப் போவேன். அதுவரைக்கும் அவர் நிம்மதியா முங்கறார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது நான்.