தாய்மாமனின் ரத்த குரூப்

போன கார்த்திகையில், பாகூர் பக்கம் ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நாட்களில், என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த ஒரு மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் ஓ பாசிட்டிவ். "அதெல்லாம் வரலாம்மா" என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். கூடவே, "இந்த குரூப் சுலபமாகக் கிடைக்காது. அதே குரூப் உள்ளவர்கள் இரண்டு பேரையாவது முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிரசவம் நடுமழையில் வரும் என்று கணக்குப் பார்த்தால் தெரிகிறது. எங்கள் ஊர்ச் சாலை நல்ல மழை பெய்தால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நான் கவலைப்படுகிற ஜாதி. யாருக்கு என்ன குரூப், எந்த வண்டி என்று கேட்க ஆரம்பித்தேன்.

கேட்டதுதான் தப்பாகிவிட்டது. "வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு? வளையல் போட்டுக் கூட்டிகினு வந்த பொண்ண வெச்சிகினு ரத்தம் கித்தம்னு பேசற" என்று நாத்தனார் சண்டைக்கு வந்தார். என் கணவர் அவருக்கு மேல். "அவள விடு. வானம் இருட்டினா போதும், படகு வாங்கலாமான்னு கேப்பா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். கெட்டது நடக்கலாம் என்று வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். சொல்லாமலே இருந்தால் நடக்காதா என்று கேட்டால் அதற்கும் திட்டு விழும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் டாக்டர் பெண் வந்தாள். கர்ப்பிணி உள்ள குடும்பங்கள் பிரசவத்துக்கு எப்படித் தயாராகின்றன என்று ஊர் ஊராக ஆய்வு செய்கிறார்களாம். கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். அன்று வீடு நிறைய ஆட்கள். மகளைப் பார்க்க என் தம்பி வந்திருந்தான். கணவரின் தம்பியும் நாத்தனாரும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, அதனால் ஒதியம்பட்டிலிருந்து சம்பந்தியம்மாதான் முறுக்கோடு வந்திருந்தார். டாக்டருக்கு நாற்காலி துடைத்துப் போட்டு, கூல்டிரிங்ஸ் வாங்கி வந்து, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவள் பாவம், எல்லோரையும் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டாள்.

"வலி வந்தா எந்த வண்டியில போவீங்க?"

"இன்னா மேடம் கேட்டுட்டீங்க, வாசல்லியே கார் நிக்குது. எந்நேரம் கூப்ட்டாலும் வந்துருவேன்" என்றார் கணவரின் தம்பி. அது வாடகைக் கார். எங்கள் தெருவில் நின்றதைவிடத் திருப்பதியில் நின்றதுதான் அதிகம்.

"ரோட்டுல தண்ணி ஏறிட்டா?"

"எங்களுக்குத் தெரியாத வழியா மேடம்?" என்றார் என் கணவர். எந்த வழி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டேப்பில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஓ நெகட்டிவ்னு சொல்றீங்க. ரத்தம் குடுக்க ஆள் பார்த்து வெச்சிருக்கீங்களா? ரெண்டு பேராவது வேணும்."

அப்போதுதான் என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் இருக்கேன் மேடம். தாய்மாமன். எனக்கும் அதே குரூப்தான்."

நான் அவனையே பார்த்தேன். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே ஓடுகிறவன் அவன். இவன் எப்போது ரத்தம் பரிசோதித்தான்? ஆனால் தாய்மாமனிடம், அதுவும் சம்பந்தி எதிரில், அத்தாட்சி கேட்க முடியுமா? எங்கள் பக்கத்தில் மாலையும் சீரும் மட்டுமில்லை, வார்த்தையும் தாய்மாமனுடையதுதான் முதலில்.

டாக்டர் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுல யாராவது இருக்காங்களாம்மா?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "எங்க வூட்ல யாருக்கு இன்னா குரூப்புன்னு நான் பாத்ததில்ல. பாத்துட்டு சொல்றேன்."

டாக்டர் போனதும், சம்பந்தியம்மாவும் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், நாத்தனார் ஆரம்பித்தார்: "பாத்தியா? வூட்டுக்கு வந்த மருமகளுக்கு ரத்தம் வேணும்னா, பாத்துட்டு சொல்றாங்களாம். நம்ம பையன் எப்டி பட்டுனு சொன்னான்!" எனக்கும் அந்த 'தெரியாது' கொஞ்சம் சுருக்கென்று தைத்தது உண்மை.

சமையலறையில் தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "டேய், நெஜமாவே பாத்தியாடா?"

"இன்னாக்கா, என்னையே சந்தேகப்படறியா? பாக்காமலா சொல்லுவேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைச் சமாதானப்படுத்த இன்னொரு காபி போட வேண்டியதாயிற்று.

கொஞ்ச நாள் கழித்து சம்பந்தியம்மா என் கணவருக்குப் போன் செய்தார். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிட்டாராம், ஒருவருக்கும் அந்த குரூப் இல்லையாம். அதோடு விடாமல் மளிகைக்கடை, டீக்கடை என்று விசாரித்ததில், அவர்கள் பக்கத்தில் வயல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒருவருக்கு ஓ நெகட்டிவாம். கூப்பிட்டால் வருகிறேன் என்றிருக்கிறாராம். என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒங்களுக்கு ஏன் சம்பந்தி வீண் செரமம்? தாய்மாமனே ரெடியா இருக்காரு." இதை மாலையில் என்னிடம் ஏதோ வேடிக்கை போலச் சொன்னார். அந்த மனிதரின் நம்பரையாவது வாங்கி வையுங்கள் என்றேன். "ஒனக்கு வேற வேல இல்ல" என்று டிவியைப் போட்டார்.

கார்த்திகையில் விடியற்காலையிலிருந்து விடாமல் கொட்டிய ஒருநாள் மகளுக்கு வலி எடுத்தது. முதலில் காருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, மலையில இருக்கேன் அண்ணி. சவாரி வந்துச்சு. ஒண்ணும் ஆவாது, இங்கியே பெருமாள்கிட்ட வேண்டிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தரையில் அடித்திருப்பேன், ஆனால் அடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட அதே போன்தான் வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போதே சம்பந்தியம்மாவுக்கும் தகவல் சொன்னேன். நேர் வழியில் தண்ணீர் என்று சுற்றிக்கொண்டு போனார்கள். 'எங்களுக்குத் தெரியாத வழியா' என்று கேட்டவர் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு வழியும் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். அதற்குள் என் தம்பி நனைந்துகொண்டே லட்டுப் பெட்டியோடு வந்து சேர்ந்து, வராந்தாவில் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தான். "பேத்தி! எனக்குப் பேத்தி!" எனக்கும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

பிறகு பிரசவ அறைக் கதவு திறந்த வேகமே சரியாக இல்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றார்கள். இருப்பில் இருந்த ஒரு பை ஏறிக்கொண்டிருக்கிறது, வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம், ரோட்டில் தண்ணீர் நிற்பதால் வண்டி வரத் தாமதமாகும், நீங்கள் சொல்லி வைத்த ஆள் யார், உடனே அனுப்புங்கள் என்றார் டாக்டர்.

எல்லோரும் என் தம்பியைப் பார்த்தோம். அவன் கையில் பாதி லட்டு இருந்தது.

ரத்த வங்கி வரை நானும் கூடவே ஓடினேன். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தவர் தலையைத் தூக்கி, "பி பாசிட்டிவ்" என்றார்.

"இன்னொரு தடவ பாருங்க சார்" என்றான் என் தம்பி. "மழைல நனைஞ்சிகினு வந்தேன்."

"நனைஞ்சா குரூப் மாறாது சார்."

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த இடத்தில் எனக்கு வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்தேன். "எப்போடா பாத்த நீ? சொல்லுடா, எப்போ பாத்த?"

"பாக்கலக்கா" என்றான். "அக்கா பொண்ணுக்கு இருக்கறதுதான எனக்கும் இருக்கும்னு நெனச்சேன். அந்த மேடம் அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்து சிரிச்ச மொகமா கேக்கறாங்க. தெரியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதாம்! என் பெண் உள்ளே வெளுத்துக்கொண்டிருக்கிறாள். இவனுக்கு ஒரு கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்ட திருப்தி.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். என்ன கேட்பதென்று எனக்கே தெரியாது. வேண்டாம் என்று நாங்களே சொன்ன ஆளை எந்த முகத்தோடு கேட்பது? அவர் குரலோடு ஆட்டோச் சத்தமும் மழைச் சத்தமும் கேட்டது.

"வந்துகினுதான் இருக்கோம் சம்பந்தி. வில்லியனூர்ல தண்ணி, அதான் லேட்டு. அவரையும் கூட்டிகினு வர்றேன்."

"யாரைங்க?"

"ரத்தம் குடுக்கறவரத்தான். ரெண்டு பேரு வேணும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்கல்ல? ஒங்க பக்கம் ஒருத்தருதான இருக்காரு."

எங்கள் பக்கம் ஒருத்தரும் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். அந்த மனிதர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எங்கம்மா படுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். அவர் கொடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நேரம் எப்படிப் போனது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் அதை மறுபடி நினைக்க விரும்பவில்லை. சாயங்காலம் இன்னொரு பையும் வந்து சேர்ந்தது. ரத்தம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்றார்கள்.

ரத்தம் கொடுத்தவருக்கு என் தம்பிதான் லட்டு எடுத்துக் கொடுத்தான், முகத்தைப் பார்க்காமலே. அவர் சாப்பிட்டுவிட்டு, ஊரெல்லாம் மோட்டார் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது, போன் மேல் போன் வருகிறது என்று கிளம்பிவிட்டார். நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகாவது இவர்கள் மாறியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்த சமயத்தில் அதே டாக்டர் பெண் மறுபடி வந்தாள். திட்டமிட்டபடி எல்லாம் நடந்ததா என்று கேட்க வந்திருந்தாள். அதே நாற்காலி, அதே கூல்டிரிங்ஸ், சுற்றி அதே ஆட்கள். என் தம்பி மட்டும் வாசற்படியோரம் நின்றிருந்தான்.

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சு மேடம்" என்றார் கார்க்காரர்.

"வண்டி, ரத்தம், எல்லாமே ரெடியா இருந்துச்சு மேடம்" என்றார் என் கணவர்.

குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த நான், துண்டோடு எழுந்து வந்தேன். "இல்ல மேடம். கார் திருப்பதியில இருந்துச்சு. வழி யாருக்கும் தெரியல. ரத்தம் குடுக்கறேன்னு சொன்னவருக்குத் தன் குரூப்பே தெரியல. அன்னைக்கு உங்ககிட்ட தெரியாதுன்னு சொன்னாங்களே, அவங்க ஒருத்தங்க இல்லன்னா இந்தக் குழந்தைக்கு அம்மா இல்ல."

நாத்தனார் கண்ணாலேயே என்னை எரித்தார். டாக்டர் பெண்ணின் விரல் டேப் மேல் அப்படியே நின்றது. "அப்போ மத்த வீடுங்கள்லயும் எல்லாரும் ரெடின்னுதான் சொன்னாங்க..." என்று இழுத்தாள்.

"சொல்லாம என்ன பண்ணுவாங்க மேடம்? நீங்க நல்லவங்களா வேற இருக்கீங்க. கூல்டிரிங்ஸ் குடுக்கற மாதிரிதான் பதிலும் குடுப்பாங்க. யாருக்கு, எப்போ பாத்தீங்கன்னு கேளுங்க. கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும்."

அன்றிலிருந்து என் தம்பி என்னோடு பேசுவதில்லை. சபையில் அவன் மானத்தை வாங்கிவிட்டேனாம். மகளைப் பார்க்க வருகிறான், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுகிறான், நான் வந்தால் எழுந்து போய்விடுகிறான். என் கணவரோ, "நடந்து முடிஞ்சத ஏன் கெளறின?" என்கிறார். நடக்கும் முன்பும் பேசக்கூடாது, நடந்த பின்பும் பேசக்கூடாது என்றால் எப்போதுதான் பேசுவது?

தம்பி கெட்டவன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த மதியம் அவன் உடம்பில் அந்த ரத்தம் ஓடியிருந்தால் கடைசிச் சொட்டு வரை கொடுத்திருப்பான், எனக்குத் தெரியும். என் மகளை ஏறக்குறைய என்னிடமிருந்து பறித்தது அவனுடைய பாசம்தான் என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் யாராவது என் தோளைத் தட்டி அன்பாக "கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்துதான் எனக்குக் கவலை ஆரம்பிக்கிறது.