பின்வாசல் வழியாக ஒரு வளைகாப்பு

என் தங்கை மகளின் வளைகாப்புக்கு அழைப்பிதழ் கைப்பேசியில்தான் வந்தது. திறந்தால் மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிரும், நாதஸ்வரம் கேட்கும், நடுவில் ஒரு தொட்டில் தானாக ஆடும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் வீட்டுக்கு வழி காட்டும். இன்னொன்றைத் தொட்டால் வீட்டில் இருந்தபடியே நிகழ்ச்சியை நேரலையில் பார்க்கலாம்.

இரண்டாவது பொத்தானை வைத்தவர் அவள் கணவர். பினாங்கில் இருக்கும் அவர் வீட்டார் அவ்வளவு தூரம் வர முடியாதே என்று நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். ஆனால் பக்கத்திலேயே கூலாயில் இருப்பவர்களும் மாசாயில் இருப்பவர்களும்கூட அதையே தொட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண்கள், எல்லைப் பாலத்தில் நெரிசலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். குடும்பக் குழுவில் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் கீழும் "ஆன்லைன்ல பாத்துக்குறோம்மா" என்று ஒரே வரி.

வளைகாப்புக்கு முதல் நாள் தங்கை மகள் எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

"பெரியம்மா, எல்லாரும் போன்லயே பாக்குறாங்களாம். அப்புறம் வளையல யாரு போடுறது? நீங்களாவது நேர்ல வந்துருவீங்கல்ல?"

சிரித்துக்கொண்டே சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சின்ன வயதில் யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும், மிச்ச வளையல்களை எல்லாம் வாங்கி முழங்கை வரை போட்டுக்கொண்டு தூங்குகிறவள் அவள்.

நான் தலையாட்டும் பூனைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அது போதாது என்று தோன்றி, "கண்டிப்பாக வருவேன்" என்று தட்டச்சு செய்தும் அனுப்பினேன்.

நான் அப்படித்தான். பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தேன், அதன் பிறகு கெலாங் பாத்தாவில் தொழிற்சாலை வேலை. பெட்டிகளை அடுக்கும் பிரிவில் பேச வேண்டிய அவசியமே இல்லை. வெளியே வந்தால்தான் கஷ்டம். மீன் கடையில் எல்லோரும் வாங்கிப் போகும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது குடும்பத்தார் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டுமே, அதற்கு எனக்கு வியர்க்கும். "சத்தமா சொல்லுங்கம்மா" என்பார் சீட்டு எழுதுகிறவர். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் என் வீட்டு நட்சத்திரம் தெரிந்துபோகும். இப்போது மீனுக்கும் குறுஞ்செய்தி, அர்ச்சனைக்கும் குறுஞ்செய்தி. இணையம் வந்து யாருக்கு என்ன கெட்டதோ தெரியாது, எனக்கு நிம்மதி வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம் வழி காட்டும் மேப். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். தெரிந்த வழியைக்கூடக் கடைக்குக் கடை நிறுத்திக் கேட்பார். கேட்டவரிடம் ஊர்க்கதை பேசுவார். நான் இருக்கையில் சரிந்து உட்கார்ந்து முகத்தை மறைத்துக்கொள்வேன். மேப் வந்த பிறகு நானே காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறேன். தப்பாகத் திரும்பினாலும் அதற்குள் இருக்கும் பெண் கோபிப்பதில்லை.

வளைகாப்பு அன்று என் பொறுப்பு வளையல்கள். ஜொகூர் பாரு கடை ஒன்றில் சொல்லி வைத்திருந்தோம். கடை திறந்ததும் வாங்கி, பச்சையும் சிவப்புமாகத் தட்டில் அடுக்கி, ஸ்கூடாயில் அவர்கள் புதிதாக வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. தங்கை காலையிலேயே சமைக்கப் போய்விட்டாள். கணவர் லாரியோடு குவாந்தான் பக்கம் போயிருந்தார்.

நான் அந்த வீட்டுக்கு அதுவரை போனதில்லை. அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால் எல்லாம் ஒரே மாதிரி வரிசை வீடுகள், ஒரே மாதிரி இரும்புக் கதவுகள். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது மேப். நிமிர்ந்து பார்த்தால் கூடாரம், வாழைமரம், வாசலில் குவியலாகச் செருப்புகள். இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

குடும்பக் குழுவில் "வந்துட்டேன்" என்று போட்டுவிட்டு, தட்டோடு இறங்கினேன்.

"வாங்க, வாங்க! தட்ட இப்படிக் குடுங்க. பசியாறிட்டு உக்காருங்க" என்று ஒரு பெண் வளையல் தட்டை வாங்கிக்கொண்டு போனார். பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாப்பிள்ளை வீட்டார், பினாங்கிலிருந்து வந்தே விட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் இரண்டு வடை வந்தது. சாப்பிட்டேன். பச்சைப்புடவை அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கூலாய் பக்கமா?"

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்பதுபோல் தலையை ஆட்டி வைத்தேன்.

மேடையை என்னால் பார்க்க முடியவில்லை. முன்வரிசையில் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் கைகள் இறங்கின. அப்போதுதான் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தேன். மாலையும் நெற்றிச்சுட்டியுமாக, முதல் படிவம் படிக்கிற பதின்மூன்று வயதில் ஒரு சிறுமி. அவளுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் "மஞ்சள் நீராட்டு விழா". அவள் காலடியில் வரிசையாகச் சீர்த்தட்டுகள். அவற்றின் நடுவில் எங்கள் வளையல்கள்.

கைப்பேசி அடித்தது. தங்கை.

"அக்கா, எங்க இருக்க? வாசல்லதான் நிக்கிறேன், உன்ன காணோம்!"

"வந்துட்டேனே. மேப்பும் வந்துட்டேன்னு சொல்லுச்சு."

"என்ன பாட்டுச் சத்தம் அது? வளையல் இருக்குல்ல?"

"இருக்கு."

"கையிலதான வெச்சிருக்க?"

"இல்ல. மேடையில இருக்கு."

தங்கை, "நேரம் போவுதுக்கா. புள்ள முகமே சரியில்ல" என்று மட்டும் சொன்னாள்.

எழுந்து நின்று, இது நான் வர வேண்டிய வீடு இல்லை, அது என் தட்டு என்று சொல்ல வேண்டும். கூடாரம் முழுக்க ஜனம். என் வாய் திறக்கவில்லை. பழக்கம் விடுமா? கைப்பேசியில் தட்டச்சு செய்து, பக்கத்திலிருந்த அக்காவிடம் நீட்டினேன்.

அவரிடம் கண்ணாடி இல்லை. கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கூடாரத்துக்கே கேட்கும்படி வாசித்தார்.

"'அக்கா, மன்னிக்கவும். நான் வீடு மாறி வந்துவிட்டேன். அந்த வளையல் தட்டு என்னுடையது.' அலமாக்! ஏம்மா, பக்கத்துல உக்காந்துகிட்டா மெசேஜ் அனுப்புவ?"

"வட சாப்புட்டு முடிச்சிட்டுதான் சொல்றாங்க பாரு!" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். கூடாரமே சிரித்தது. எனக்கு அழுகை வர வேண்டியது, ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அக்கா, சிறுமியின் அத்தை. அதே வீட்டில் இருப்பவர். என் மேப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டார். "இது பின்னாடி வரிசை லா. நடுவுல லோரோங், இந்தச் சந்து மட்டும்தான். பின்னாடி வீட்டுல ஒரு புள்ள வாயும் வயிறுமா துணி காயப்போடுமே, அதுக்கா வளகாப்பு?"

"ஆமாக்கா."

"பாவம், பேசுனதே இல்ல. சொந்தக்காரங்க நெறைய வந்திருக்காங்களா?"

இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. "இல்லக்கா. எல்லாரும் போன்ல இருக்காங்க. வளையல் போடத்தான் ஆள் இல்ல. முழங்கை வரைக்கும் போட்டுக்கணும்னு சின்னப் புள்ளயிலேருந்து அதுக்கு ஆச" என்றேன். தெரியாதவர்களிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே கிடையாது.

"போன்லேருந்து கை நீளுமா?" என்று எழுந்தார் அக்கா. "ஏய், நம்ம பொண்ணுக்குத் தண்ணி ஊத்தியாச்சு. கேக் வெட்டுறதுக்கு அந்தப் போட்டோக்காரர் இன்னும் லைட்டச் சரிபண்ணிக்கிட்டே இருக்காரு. அதுக்குள்ள போயிட்டு வந்துரலாம், எந்திரிங்க!"

அந்த வீட்டு அடுப்படி வழியாகப் பின்பக்கம் இறங்கினோம். முன்னால் வளையல் தட்டோடு அக்கா, பின்னால் பட்டுப்புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்தபடி ஒரு வரிசைப் பெண்கள். குப்பைத்தொட்டி, எரிவாயு உருளை, கால்வாய்க் கல், எல்லாவற்றையும் தாண்டினோம். கடைசியில் மாலையும் நெற்றிச்சுட்டியுமாக அந்தச் சிறுமியும் "நானும் வரேன் அத்த" என்று ஓடி வந்துவிட்டாள்.

பின்கதவைத் தட்டினேன். தங்கை கரண்டியோடு வந்து திறந்தாள்.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"அப்புறம் சொல்றேன். வளையல் போட வந்திருக்காங்க."

கூடத்தில் தங்கை மகள் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் நிறுத்திய கைப்பேசி, அதற்குள் கட்டம் கட்டமாக எங்கள் உறவினர் முகங்கள். அடுப்படியிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அவள் கண்கள் விரிந்தன. அக்கா முதல் வளையலைப் போட்டபோது, "தெனம் துணி காயப்போடுறப்ப பாக்குறேன், ஒரு வார்த்த பேசுறதில்லயே நீ" என்று கன்னத்தில் சந்தனம் தடவினார். தங்கை மகள் சிரித்தாள். வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டின.

கைப்பேசிக்குள்ளிருந்து பினாங்குச் சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "அது யாரு பச்சச் சேல? பொண்ணு சைடா?"

அக்கா திரைக்குள் முகத்தைக் கொண்டுபோய், "பின்சைடுங்க!" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்துவிட்டன. அவள் கையை ஆட்டியபோது எழுந்த சத்தம் பினாங்குக்குச் சரியாகக் கேட்கவில்லையாம், இன்னும் கிட்டே காட்டச் சொன்னார்கள். மிச்ச வளையல்களைச் சிறுமிக்குப் போட்டோம். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலமாகப் பின்கதவு வழியே போயின. கொஞ்ச நேரத்தில் அதே வழியாகக் கேக் வந்தது.

மாப்பிள்ளை அழைப்பிதழுக்கு இடத்தைக் குறித்தபோது பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாராம். அங்கிருந்தே பொத்தானை அழுத்தியிருக்கிறார், குறி பின்வீட்டில் விழுந்துவிட்டது. "சாரி பெரியம்மா" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் வருத்தமே இல்லை.

குழந்தை பிறந்தது, பெண். தொட்டிலில் இடும் நாளுக்கும் ரோஜா உதிரும் அழைப்பிதழ்தான், அதே இரண்டு பொத்தான்கள்தான். ஆனால் தங்கை மகள் என்னிடம், "பின்னாடி வீட்டுக்கு லிங்க் அனுப்பல பெரியம்மா. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

லோரோங்கில் நின்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். முதலில் என் கைகளைப் பார்த்தார்.

"என்ன, போன் எங்க?"

"வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்க்கா. ஞாயித்துக்கெழம நம்ம புள்ளய தொட்டில்ல போடுறோம். எல்லாரும் வந்துரணும்."

"உள்ள வந்து சொல்லு" என்றார். "வட சுட்டுக்கிட்டு இருக்கேன்."