சுடாத கால்

என் அக்கா புருஷன் காளியண்ணன் எஸ்டேட்டில் கங்காணி. மேட்டில் ஏறும்போது நாலு வரிசைக்கு ஒருமுறை சிகரெட்டும் கையுமாக நின்று, கத்தரியால் தேயிலை வெட்டுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். கோபக்காரர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்ததால் நின்றார், நின்றதை மறைக்கத் திட்டினார் என்று யாருக்குத் தெரியும்? மனிதருக்கு வலியைவிட மானம் பெரிது.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதித்தார். குழியைத் தாண்டியதும், "வலது காலு சுடவே இல்லடா தம்பி" என்றார். அம்மன் அருள் என்று எங்கள் லயத்து வீட்டு ஜனமே அவர் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன்.

அந்தக் காலில்தான் கொப்புளம் கண்டது. தீ மிதித்தவனுக்குப் புண் வந்தால் எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான்: விரதத்தில் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான். அந்தப் பேச்சுக்குப் பயந்து, மஞ்சளை அப்பி, இரண்டு காலுறை மாட்டி, பூட்ஸுக்குள் காலை ஒளித்துவிட்டார். குளிர் என்று சாக்குச் சொல்லித் தூங்கும்போதும் காலுறையைக் கழற்றவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அக்கா சசிரேகா அதைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு விரல்கள் கறுத்துக் கிடந்தன.

மலைமேல் எங்களுக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார்கள். அகப்படவில்லை. உடனே ஆம்புலன்ஸில் மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மலைப்பாதை முழுக்க அவர் என் கையை நெரித்துக்கொண்டே வந்தார்.

"வெட்டிருவாங்களாடா தம்பி?"

போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

ஈப்போவில் டாக்டர் ப்ரியா தமிழ்ப் பெண். புண் எப்படி வந்தது என்று கேட்டார்.

"கொதி தண்ணி கொட்டிருச்சு டாக்டர்."

"கொட்டினப்ப வலிச்சுதா அங்கிள்?"

மச்சான் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தீ மிதிச்சேன் டாக்டர். சுடல. ஆத்தா காப்பாத்துனான்னு நெனச்சேன்."

"சுடலன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஓடி வந்திருக்கணும் அங்கிள். இந்தக் கால் மரத்துப்போயிருக்கு, ரத்தமே சரியாப் போகல. சிகரெட்டும் இனிப்புநீரும், அதான் சக்கரை வியாதி, சேர்ந்து குழாயை அடைச்சிருச்சு."

தொடை இடுக்கில் சிறு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியே பலூனை அனுப்பி அடைப்பை விரிப்பார்களாம். மறுபடி மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாயை உள்ளே வைப்பார்களாம். கறுத்த விரல்கள் எப்படியும் போய்விடும். ரத்தம் ஓடினால் கால் தங்கும். ஓடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போகிற ஊசிதான் என்றதும் மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா வெளியே உட்கார்ந்து அம்மனையும் புருஷனையும் மாறி மாறித் திட்டினாள். "ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுது லா! காலு போனா ஊரா வந்து தூக்கிட்டுப் போவும்?" நானும்தானே அந்தக் காலில் விழுந்து கும்பிட்டவன்.

முடிந்து வார்டுக்குக் கொண்டு வந்த பிறகு, டாக்டர் அவர் பாதத்தில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தார். கூட இருந்த பெட்டியிலிருந்து உஷ், உஷ் என்று சத்தம் வந்தது.

"உங்க ரத்தம்தான் அங்கிள். பாதம் வரைக்கும் வருது, கால் தப்பிச்சிருச்சு. ஆனா மறுபடி சிகரெட்டைத் தொட்டீங்கன்னா இந்தக் கம்பியும் அடைச்சிக்கும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். டாக்டர் கருவியை எடுத்தார். சத்தம் நின்றது. மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. எஸ்டேட்டையே அதட்டிய மனிதர் இரண்டு கையாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க டாக்டர். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."