செவ்வாய்க்கிழமை மைனஸ் அஞ்சு

உருகிய மெழுகு தரையெல்லாம் படிந்து, வெறுங்காலில் பிசுபிசுவென்று ஒட்டும்... கூடவே மல்லிகைப்பூ வாசனை, நேர்த்திக்கடனாகக் கொட்டிய உப்பும் மிளகும். காரைக்கால் நண்பர்களுக்கு இது போதும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அந்தோணியார் கோயிலில் நவநாள் ஜெபம்.

இருபது வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்த ஒரு விஷயத்தை இன்றைக்குக் கொட்டிவிடப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாட வேண்டும் என்று கொள்ளை ஆசை. குரல் டெஸ்ட்டில் நான் வாயைத் திறந்ததும் மொத்தக் குழுவும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்படியொரு கட்டைக் குரல். குழுவை நடத்திய அமலன் அண்ணன் நல்ல மனுஷர். "ஒனக்குத்தான் கீபோர்டு தெரியுமே தங்கச்சி, அதுல உக்காந்துக்க" என்றார்.

உட்கார்ந்துகொண்டேன். அழுகைதான் வந்தது, ஆனாலும் போகப்போக வாரம் முழுக்க அந்தக் கீபோர்டுக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அமலன் அண்ணனுக்கு எந்தப் பாட்டும் உச்சத்தில் இருக்க வேண்டும். குழுவில் இரண்டு பெண்கள் மேலே போய் கணீரென்று பாடுவார்கள், அதில் அவருக்குப் பெருமை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கீழே நிற்கிற ஜனம் வாயே திறக்காது. நவநாளுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. திருநள்ளாறு, அம்பகரத்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற விவசாயக் குடும்பங்கள். எங்கள் பாட்டை ரேடியோ மாதிரி கேட்டுவிட்டு, மெழுகுவர்த்தி அணைவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. சேர்ந்து ஜெபிக்கத்தான் பாட்டு, வேற்று மதத்தவர் வந்து நின்றாலும் கடவுளோடு பேச அவருக்கும் அதுதான் சுலபமான வாசல் என்பது அவர் கட்சி. ஒருநாள் அமலன் அண்ணனிடம் சொல்லியே விட்டார்.

"மூணு செவ்வா பாக்குறேன் அமலன். ஜனங்க பாடலன்னா பாட்டே வேணாம். ஜெபத்த வாசிச்சிட்டுப் போயிடுவோம்."

பாட்டு இல்லையென்றால் கீபோர்டு எதற்கு?

முதல் செவ்வாய் அமலன் அண்ணன் பாட்டுத் தாள் கொடுக்கச் சொன்னார். நானே டைப் அடித்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஜனங்கள் நன்றியோடு வாங்கி, மெழுகு கையில் சொட்டாமலிருக்க மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்! இரண்டாவது செவ்வாயும் அதே கதைதான்.

மூன்றாவது செவ்வாய் நான் சீக்கிரமே போய்விட்டேன். கோயிலில் ஒருவருமில்லை. இன்றோடு போகப்போகிற கீபோர்டு... கடைசியாக ஒருமுறை நானே பாடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. குழு பாடுகிற ஸ்கேல் என் தொண்டைக்கு எட்டாது. டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி அமுக்கி மைனஸ் அஞ்சில் நிறுத்தினேன். அதை அமுக்கிவிட்டால் எப்போதும் வாசிக்கிற கட்டைகளையே வாசிக்கலாம், சத்தம் மட்டும் கீழிறங்கி வரும். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டும் பாடினேன். பாடி முடித்து, வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பட்டனை மறந்தே போனேன்.

கூட்டம் சேர்ந்தது. சாமியார் பீடத்துக்கு வந்தார். நான் முதல் பாட்டைத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் வந்த சத்தம்... பட்டன் மைனஸ் அஞ்சிலேயே நிற்கிறது! நிறுத்தினால் கோயிலே பார்க்கும். அமலன் அண்ணன் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு வழியில்லாமல் அவரும் அந்தக் கீழ் ஸ்கேலில் தொடங்கினார். அந்த இரண்டு பெண்களின் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

இரண்டாவது வரியில் கீழேயிருந்து என்னவோ முணுமுணுப்பு. பல்லவி திரும்பி வந்தபோது அது பாட்டாகவே ஆகிவிட்டது. ஆண்கள் பக்கமிருந்து கரகரவென்று ஒரு பெருங்குரல், அதன்மேல் பெண்கள். மெழுகுவர்த்தியில் சுற்றிய தாளைப் பிரித்துப் படித்துப் பாடுகிறார்கள்! எத்தனையோ செவ்வாயாகக் கேட்டே பழகிய மெட்டு, பாவம், அவர்களுக்கு எட்டாமல்தான் இருந்திருக்கிறது. சாமியார் கைகூப்பியபடி அப்படியே நின்றுவிட்டார்.

முடிந்ததும் அவர் நேராகக் கீபோர்டுக்குத்தான் வந்தார். "யாரும்மா ஸ்கேல எறக்குனது?"

நான் கையால் பட்டனை மறைத்துக்கொண்டேன். அமலன் அண்ணன் நடுவில் புகுந்தார். "நாங்க பேசி வச்சித்தான் சாமி எறக்குனோம்."

கோயிலுக்குள் நின்றுகொண்டு, அந்தோணியாருக்கு முன்னாலேயே, முழுப் பொய்! சாமியார் சிரித்துக்கொண்டே போன பிறகு அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அது என்னா நம்பர்ல இருக்குன்னு எழுதி வச்சிக்க தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது, மகள் பிரசவத்துக்காக வாராவாரம் அம்பகரத்தூரிலிருந்து வருகிற ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ நாளா நின்னுட்டுப் போவேன். இன்னைக்கித்தாம்மா அவருகிட்ட பேசுன மாதிரி இருக்கு." அந்த மாதமே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டுத் தாளை மடித்து மஞ்சப்பையில் வைத்திருந்தார்.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போனபோது செவ்வாய்க்கிழமை. கோயிலில் இப்போது ஏசி இருக்கிறது, சுவரில் பெரிய ஸ்கிரீன், பாட்டு வரிகள் தானாக ஓடுகின்றன. தாளும் இல்லை, மெழுகைப் பிடிக்க ஆளுக்கொரு பேப்பர் கப். கீபோர்டும் புதுசு. வாசிக்கிற காலேஜ் பெண்ணும் புதுசு.

ஆனால் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. பேனாவில் எழுதியிருக்கிறது, செவ்வாய் மைனஸ் அஞ்சு.

ஒன்றும் தெரியாதவள்போல் இது எதற்கு என்று கேட்டேன். "அந்தக் காலத்துல ஒரு அக்கா ரொம்ப யோசிச்சி வச்சதாம், மாத்தக் கூடாதுன்னு அமலன் தாத்தா சொல்லிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

யோசித்ததாம்... எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், இப்போது பாரம் இறங்கிவிட்டது.

அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்றேன். பாட்டு தொடங்கியதும் என் கட்டைக் குரலை முழுசாக எடுத்துவிட்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.